புள்ளி வைக்காத வானொலிகள்

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் கடைக்கு வந்து ஒரு சிற்றலை வானொலி வாங்குகிறவர் அவசரப்பட முடியாது. அப்பாவிடம் அதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் புதுப் பேட்டரி போடுவார். ஏரியலை முழுக்க இழுத்துவிடுவார். எந்த ஊர், எந்த நிலையம் கேட்பீர்கள் என்று விசாரிப்பார். முள்ளை மெதுவாக நகர்த்தி அந்த நிலையத்தைப் பிடித்து, வாங்க வந்தவரின் காதருகே கொண்டுபோவார். அவர் தலையாட்டியதும், அம்மாவின் சிவப்பு நகப்பூச்சுக் குப்பியைத் திறந்து, டயல் கண்ணாடியின் மேல் முள் நிற்கும் இடத்துக்கு நேராக ஒரு புள்ளி வைப்பார். அது காயும்வரை ஊதுவார். அதற்குப் பிறகுதான் பெட்டியில் போட்டுக் கொடுப்பார்.

புள்ளிக்குக் காரணம் இருந்தது. எங்களிடம் வானொலி வாங்கியவர்களில் அதைத் தனியாக வைத்துக் கேட்டவர்கள் குறைவு. கப்பலிலோ ஹாஸ்டலிலோ பத்துப் பேர் நடுவில் அது இருக்கும். யாராவது பாட்டுத் தேடி முள்ளைத் திருப்பிவிடுவார்கள். சிற்றலையில் முள் மயிரிழை நகர்ந்தாலும் வேறு நாட்டுக்குப் போய்விடும். இருந்த இடத்துக்குத் திரும்பி வருவது எளிதல்ல. புள்ளி இருந்தால் வந்துவிடலாம்.

வாடிக்கையாளர்கள் மூன்று வகை. பக்கத்து ஊரான மேருவில் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த தமிழ்நாட்டு இளைஞர்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறி வரும், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள். பேட்டரி எந்த நாட்டில் செய்தது என்று கண்ணாடி போட்டுப் படித்த பிறகுதான் வானொலியைத் தொடுவார்கள். மூன்றாவது, துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது டவுனுக்கு வரும் மாலுமிகள்.

முதலில் நின்றது மேரு. கைப்பேசியில் எல்லாம் வந்தபிறகு அந்த இளைஞர்கள் எங்கள் கடைக்கு ரீலோட் போட, அதாவது கைப்பேசியில் பணம் ஏற்ற, மட்டும் வந்தார்கள். பிறகு பிரிக்பீல்ட்ஸ். சிலருக்குப் பிள்ளைகள் டேப்லட் வாங்கிக் கொடுத்தார்கள், சிலர் இறந்துபோனார்கள். மாலுமிகள் மட்டும் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களும் குறைந்துகொண்டே வந்தார்கள். ஆனாலும் அப்பாவின் நம்பிக்கை முழுவதும் அவர்கள்மேல்தான்.

"கடல்ல லைன் கெடையாது லா," என்பார். "கர மறைஞ்சதும் போன் செத்துரும். ரேடியோ சாகாது."

நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சோதனைக்கூடத்தில் பொறியாளராக இருக்கிறேன். சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, மின்விசிறி வேகக் கட்டுப்பாடு போன்றவை விற்பனைக்கு வருமுன் எங்களிடம் வரும். அவை வெளியே விடும் மின் இரைச்சல் அனுமதித்த எல்லைக்குள் இருக்கிறதா என்று அளப்பது என் வேலை. எல்லைக்குள் இருந்தால் கையெழுத்துப் போடுவேன். அந்த இரைச்சல் விழும் அலைவரிசைகளும் சிற்றலை நிலையங்களின் அலைவரிசைகளும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு விளக்கைத் தனியாக அளந்தால் அது எல்லைக்குள் இருக்கும். எங்கள் தெருவில் இருப்பது ஒரு விளக்கா? சேலைக்கடையின் பெயர்ப்பலகை, நகைக்கடையின் சரவிளக்கு, சாப்பாட்டுக் கடையின் ஓடும் எழுத்துகள், எங்கள் கடையிலேயே வரிசையாகத் தொங்கும் சார்ஜர்கள். ஒவ்வொன்றும் எங்கோ ஒரு சோதனைக்கூடத்தில் தேறியதுதான். எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அளப்பதற்கு எங்களிடம் முறை எதுவும் இல்லை.

கடையில் கடைசியாக வானொலிக்கு மிஞ்சியது கல்லாவுக்குப் பின்னால் ஒரே ஓர் அடுக்கு. மற்ற அடுக்குகளை என் அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டான். கைப்பேசி உறைகள், திரைக்கு ஒட்டும் கண்ணாடிகள், பவர்பேங்குகள். அவன் தவறு எதுவும் செய்யவில்லை. விற்கிற பொருள் முன்னால் வரும், விற்காதது பின்னால் போகும். அவன்தான் காலையில் கடை திறக்கிறான், இரவில் சாத்துகிறான். அப்பா அந்த அடுக்குக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மீதமிருந்த வானொலிகளைத் தினமும் ஒரு துணியால் துடைப்பார். தூசி படிந்தால் பழைய சரக்கு என்று நினைப்பார்களாம்.

தீபாவளிக்குச் சில வாரங்கள் இருந்தபோது கே.எல். என்று நாங்கள் சொல்லும் கோலாலம்பூரிலிருந்து மொத்த வியாபாரி தொலைபேசியில் கூப்பிட்டார். அந்த வானொலியைச் செய்துகொண்டிருந்த நிறுவனம் அதை நிறுத்திவிட்டது. அவரிடம் கடைசியாக ஒரு பெட்டி இருக்கிறது. வேண்டுமா வேண்டாமா என்று சீக்கிரம் சொல்ல வேண்டும். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா அதைச் சொன்னார்.

"வாங்கி எங்க வெக்கறது?" என்றான் அண்ணன். "இருக்கறதே போகலப்பா. தீபாவளிக்கு அந்த அடுக்கு எனக்கு வேணும். கவர் எல்லாம் தரையில கெடக்குது."

"கப்பல் தம்பி வரப்போறான். அவன் வந்தா எல்லாத்தையும் வாரிட்டுப் போயிருவான்."

கப்பல் தம்பி என்றது தூத்துக்குடிக்காரர் ஒருவரை. சரக்குக் கப்பலில் சமையற்காரர். அண்ணனும் நானும் அவரைக் கப்பல் அண்ணே என்று கூப்பிடுவோம். கப்பல் இங்கே வரும்போதெல்லாம் கடைக்கு வருவார். தனக்கு ஒன்று, கூட வேலை செய்பவர்களுக்குச் சில என்று வாங்கிப் போவார். அவர் கேட்டது ஊர்ச் செய்தி சொல்லும் ஒரு தமிழ்ச் சேவை. வெளிநாட்டுத் தமிழர்களுக்காக மாலை நேரத்தில் சிற்றலையில் வந்துகொண்டிருந்தது. வெங்காயம் நறுக்கும்போது அதைக் கேட்டால் கண் எரிச்சல் தெரியாது என்று சொல்வார்.

அண்ணன் யோசித்தான். "சரி. அவர் வாங்கிட்டா அடுக்கு ஒங்களுக்கு. கே.எல். பெட்டியையும் எடுத்துக்குவோம். வாங்கலன்னா அடுக்கு எனக்கு. அப்பறம் பேச்சு கூடாது."

"சரி," என்றார் அப்பா, ஏற்கெனவே வென்றுவிட்டவர்போல.

அப்போது நான் மூன்று விஷயங்களைச் சொன்னேன். முதலாவது, அந்தத் தமிழ்ச் சேவையின் அலைவரிசை அட்டவணையைத் தேடிப் பார்த்திருந்தேன். அதில் இப்போது சிற்றலை இல்லை, இணையம் மட்டும்தான். இரண்டாவது, நிலையம் இருந்தாலும் எங்கள் தெருவின் இரைச்சலில் அது கேட்காது. மூன்றாவது, கப்பல்களில் இப்போது செயற்கைக்கோள் வழியாக இணையம் கொடுக்கிறார்கள்.

அப்பா மூன்றுக்கும் வரிசையாகப் பதில் வைத்திருந்தார்.

"அட்டவண போடறவன் மறந்திருப்பான். தெருவுல கேக்கலன்னா கார்பார்க் மாடிக்குப் போனா கேக்கும். கப்பல் மொதலாளி எதுக்குச் சமையக்காரனுக்கு நெட் குடுக்கப் போறான்?"

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். "இவர ஒன் லேபுக்கு கூட்டிட்டுப் போ லா. மிஷினே தேவையில்ல, எல்லாத்துக்கும் பதில் இருக்கு."

"ஒனக்கு ரசம் வேணுமா, வாயி மட்டும் போதுமா?" என்று அம்மா அவனைக் கேட்டார். பேச்சு அதோடு முடிந்தது.

கப்பல் அண்ணே ஒரு சனிக்கிழமை பின்மாலையில் வந்தார். நான் கடையில் இருந்தேன். தீபாவளி நெருக்கத்தில் தெரு முழுவதும் கூடாரங்கள், முறுக்கு வாசனை, ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு பாட்டு. அந்தக் கூட்டத்தில் தோளில் பையோடு அவர் நுழைந்ததும் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அண்ணாச்சி, சௌக்கியமா? கட சுருங்கிப் போச்சே!"

"கட சுருங்கல தம்பி, சாமான் பெருத்துப் போச்சு."

"வாங்கண்ணே," என்றான் அண்ணன். "ஒங்களுக்காக வாசலையே பாத்துட்டு இருந்தாரு, பொண்ணு பாக்க வர்றாங்கன்னு சொன்ன மாதிரி."

கப்பல் அண்ணே சிரித்தார். பையின் ஜிப்பைத் திறந்து எதையோ எடுக்கப் போனார். அதற்குள் அப்பா ஒரு வானொலியை அடுக்கிலிருந்து இறக்கி, பேட்டரி உறையைப் பல்லால் கிழித்துவிட்டார். கப்பல் அண்ணே என்னைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். பையை மூடிவிட்டார்.

ஏரியல் நீண்டது. முள் நகர்ந்தது. டயலின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே சத்தம், வெல்டிங் பட்டறைக்குப் பக்கத்தில் நிற்பதுபோல.

"லைட்ட அணை," என்றார் அப்பா.

"அணைச்சா கட சாத்திட்டோம்னு நெனைப்பாங்கப்பா."

"கொஞ்ச நேரம்தான் அணை."

அண்ணன் அணைத்தான். சார்ஜர்களையும் கழற்றினான். உள்ளே நின்று பவர்பேங்க் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், "ஆயோ, கரண்ட் போச்சா?" என்று கேட்டபடி வெளியேறினார். இரைச்சல் குறையவில்லை. அப்பா வானொலியைக் கையில் பிடித்தபடியே பக்கத்துச் சேலைக்கடை வாசலுக்குப் போனார். அவர்களின் பெயர்ப்பலகை நோக்கிப் போகப் போகச் சத்தம் ஏறியது. அங்கே கல்லாவில் இருந்த இளைஞனிடம், பலகையைச் சற்று நேரம் அணைக்க முடியுமா என்று கேட்டார்.

"அங்கிள், தீபாவளி சேல்ஸ் நடக்குது. இப்ப போயி போர்ட அணைக்கச் சொல்றீங்க. வேணும்னா ரேடியோவுக்கு ஒரு சேல கட்டித் தரேன், எடுத்துட்டுப் போங்க."

அங்கே நின்றிருந்த பெண்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "கார்பார்க் மாடிக்குப் போவோம்," என்றார்.

மூன்று பேரும் போனோம். அண்ணன் மறுபடி விளக்குகளைப் போட்டுக் கடையைப் பார்த்துக்கொண்டான். லிஃப்ட் வேலை செய்யவில்லை. அப்பா படியேறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கினார். வானொலியை வாங்கிக்கொள்ள நான் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. மேலே வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் தெருவின் வெளிச்சம். மேல்தளத்தில் கார்கள் குறைவு. கைப்பிடிச் சுவரின்மேல் அப்பா வானொலியை வைத்தார்.

அப்பா சொன்னது சரிதான். அங்கே இரைச்சல் இல்லை. முள்ளை நகர்த்தியதும் ஒரு சீனக் குரல், மிகத் தெளிவாக. அடுத்து குர்ஆன் ஓதுகிற குரல் ஒன்று, மெல்ல மங்கித் திரும்பி வந்தது. அதற்கடுத்து எந்த மொழி என்று தெரியாத பாட்டு. அப்பா என்னைப் பார்த்தார். எல்லாம் உயிரோடு இருக்கிறது, பார்த்தாயா என்கிற பார்வை.

பிறகு அந்த இடத்துக்குப் போனார். டயலில் எண்ணைப் பார்க்காமல் விரலாலேயே போகிற இடம் அது. அங்கே காற்று வீசுவதுபோல ஒரு மெல்லிய ஓசை மட்டும் இருந்தது.

"இங்கதான் இருப்பான்," என்றார். சற்று இந்தப் பக்கம், சற்று அந்தப் பக்கம். ஏரியலைச் சாய்த்துப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "சில நாள் லேட்டா ஆரம்பிப்பான்."

நாங்கள் காத்திருந்தோம். அந்த ஓசை அவ்வளவு சுத்தமாக இருந்தது. சோதனைக்கூடத்தில் என்றால் மிக நல்ல இடம் என்று நானே எழுதியிருப்பேன். கடையில் இரைச்சல் இருந்தபோதாவது, அதன் பின்னால் எங்கேயோ அந்த நிலையம் பேசிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். இங்கே அப்படி நினைக்க வழியில்லை. எங்களுக்கும் அதற்கும் நடுவில் எதுவும் இல்லை, அங்கேதான் யாரும் இல்லை.

கப்பல் அண்ணே சுவரில் சாய்ந்து நின்றவர், தன் கையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அண்ணாச்சி, அது நின்னு போச்சு."

அப்பா முள்ளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"போன தடவ இங்கேருந்து போனதுக்கப்புறமே கேக்கல. நானும் நடுக் கடல்ல ஒங்க புள்ளி மேல முள்ள வச்சு வச்சுப் பாத்தேன். ரேடியோதான் கெட்டுப் போச்சோன்னு பயலுகளோடத வாங்கிப் பாத்தேன். எல்லாத்துலயும் அப்படித்தான். அப்பறந்தான் கப்பல்ல நெட் குடுத்தானுவ. இப்ப அதே செய்தி போன்ல வருது. நெனச்ச நேரம் கேக்கலாம்."

"கேக்கறியா?"

கப்பல் அண்ணே கொஞ்சம் யோசித்தார். "எங்க? நெனச்ச நேரம் கேக்கலாம்னா எப்பவும் கேக்கறதில்ல. பயலுக அவனவன் கேபின்ல கதவச் சாத்திட்டுப் படம் பாக்கான். சாப்பாடு ஆறிப் போகுதுன்னு நான் போயித் தட்டணும்." பையைத் திறந்து முனை பிய்ந்த ஒரு கேபிளை எடுத்துக் காட்டினார். "நான் இத மாத்தத்தான் வந்தேன். எங்க சொல்ல விட்டீங்க, நொழஞ்சதும் பேட்டரியப் போட்டுட்டீங்க."

அப்பா வானொலியை அணைத்தார். ஏரியலை ஒவ்வொரு கணுவாக உள்ளே தள்ளினார். "மழ வர்ற மாதிரி இருக்கு," என்றார். வானம் தெளிவாக இருந்தது.

கடைக்கு வந்ததும் கப்பல் அண்ணே அடுக்கைப் பார்த்தபடி நின்றார். அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். நான் இல்லை என்று தலையசைத்தேன். அவன் வெற்றி பெற்றவன் மாதிரி இல்லை. குனிந்து எதையோ அடுக்க ஆரம்பித்தான்.

"அண்ணாச்சி," என்றார் கப்பல் அண்ணே திடீரென்று. "இருக்குறத எல்லாம் குடுங்க. கொண்டு போறேன்."

"எதுக்கு?"

"பயலுகளுக்குக் குடுக்கேன். டார்ச் இருக்குல்லா? எப்.எம். இருக்குல்லா? ஊருக்குப் போனா எங்க அக்கா மகனுக்கு ஒண்ணு. குடுங்க."

அண்ணன் நிமிர்ந்தான். உடனே பெரிய பிளாஸ்டிக் பையை எடுத்து உதறி வாயைத் திறந்து பிடித்தான். "குடுத்துருங்கப்பா. திங்கக்கெழமையே கே.எல்.லுக்கு போன் போட்டுர்றேன். பெட்டிய அனுப்பச் சொல்றேன்." அவன் குரலில் மகிழ்ச்சி இருந்தது. அடுக்கை இழப்பதில் அவனுக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அப்பா ஒரு வானொலியை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். இழுப்பறையிலிருந்து நகப்பூச்சுக் குப்பியை எடுத்துத் திறந்தார். குச்சியைக் குப்பியின் வாயில் வழித்துத் துளியைச் சரிசெய்தார். டயலின்மேல் கொண்டுபோனார். குச்சி அங்கேயே நின்றது. முனையில் துளி பெரிதாகிக்கொண்டு வந்தது.

"எங்க வெக்கறது?" என்று கேட்டார்.

"எங்கயாச்சும் வைங்க அண்ணாச்சி."

"எங்கயாச்சும் வெக்க இது என்ன திருஷ்டிப் பொட்டா?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. குச்சியைக் குப்பிக்குள் விட்டு மூடியைத் திருகினார். வானொலியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"புள்ளி வெக்காம நான் யாருக்கும் குடுத்ததில்ல தம்பி. வேணாம். ஒனக்கு வயரு எந்த நீளத்துல வேணும்?"

கப்பல் அண்ணே மேலும் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். அப்பா கேபிள்கள் தொங்கிய இடத்துக்குப் போய், நீளமானது ஒன்றும் குட்டையானது ஒன்றும் எடுத்து வந்து மேசையில் வைத்தார். கப்பல் அண்ணே நீளமானதை எடுத்துக்கொண்டார். அப்பா தன் கைப்பேசியில் செருகி, அது வேலை செய்கிறது என்று காட்டிவிட்டுக் கொடுத்தார். போகும்போது கப்பல் அண்ணே வாசலில் நின்று, "அடுத்த தடவ வாரேன் அண்ணாச்சி," என்றார். அப்பா தலையாட்டினார்.

அவர் கூட்டத்தில் மறைந்ததும் அண்ணன் பையைத் தரையில் வீசினான்.

"அவரே வாங்கறேங்கறாரு. ஒங்களுக்கு என்னப்பா?"

"பாவம் பாத்து வாங்கறான்."

"பாவம் பாத்தா என்ன? நம்ம கடைக்கு வர்றவன்ல பாதிப் பேரு ஒங்க மொகத்துக்காகத்தான் வர்றான். அது பாவம் இல்லியா?"

"அவன் கொண்டு போயி எங்கயோ ஒரு மூலையில போடுவான். அதுக்கு இங்கயே கெடக்கட்டும்."

"இங்க எங்க கெடக்கும்? இடம் எனக்குன்னு பேசியாச்சு."

"பேசியாச்சுல்ல," என்றார் அப்பா. "எடுத்துக்க."

இரண்டு பேர் சொன்னதையும் நான் பிறகு பலமுறை தனித்தனியாக எடுத்துப் பார்த்திருக்கிறேன். அண்ணன் சொன்னதில் பிழை இல்லை: வாங்குகிறவர் காரணத்தைக் கடைக்காரர் சோதிப்பதில்லை. அப்பா சொன்னதிலும் பிழை இல்லை: அவர் விற்றது பெட்டியை அல்ல, அதில் வருகிற ஒரு குரலை. குரல் இல்லாதபோது விற்க ஒன்றும் இல்லை. இரண்டு சரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் அடுக்கு மிஞ்சவில்லை.

தீபாவளிக்கு முன்பே அந்த இடத்தில் கைப்பேசி உறைகள் வந்துவிட்டன. வானொலிகளை அப்பாவே அட்டைப்பெட்டியில் போட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்தார். மாடிக்குக் கொண்டுபோன வானொலியின் பேட்டரிகளைக் கழற்றிவிட்டார், கசிந்துவிடும் என்று. மொத்த வியாபாரிக்கு அண்ணன் தொலைபேசியில் வேண்டாம் என்று சொன்னான். அவர் வருத்தப்படவில்லையாம். எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள் என்றாராம்.

அப்பா கைப்பேசித் திரையில் கண்ணாடி ஒட்டப் பழகினார். ஓரத்தில் காற்றுக் குமிழி நின்றுவிடும். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் உரித்து மறுபடி ஒட்டுவான். பிளாஸ்டிக் நாற்காலி இருந்த இடத்தில் இப்போது கவர் மாட்டும் சுழல்தாங்கி நிற்கிறது. அதனால் அப்பா பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கிறார்.

கடையில் இன்னொரு தொல்லை இருந்தது. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய பவர்பேங்கைக் கொண்டுவந்து, இங்கேதான் வாங்கினேன், மாற்றிக் கொடுங்கள் என்று சிலர் சண்டை போடுவார்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், மறுக்கவும் முடியாது. நம் சரக்குக்கு ஏதாவது அடையாளம் வேண்டும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் அப்பா இழுப்பறையைத் திறந்து நகப்பூச்சை எடுத்தார்.

இப்போது புதுச் சரக்கு வந்ததும் பவர்பேங்குகளையும் சார்ஜர்களையும் மேசையில் கவிழ்த்து வரிசையாக வைப்பார். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு புள்ளி. பெட்டியைப் பிரித்த வேகத்திலேயே முடித்துவிடுவார். யாரையும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. ஊதுவதும் இல்லை, மின்விசிறிக்கு அடியில் தானாகக் காய்ந்துவிடும். அவர் புள்ளி வைக்கும் சார்ஜர்களில் ஒரு வகை என் கையெழுத்தோடு தேறியது. அதை நான் அவரிடம் சொன்னேன். "நல்ல சாமான்," என்றார்.

போன மாதம் சிவப்பு தீர்ந்துவிட்டது. அம்மா இப்போது நகப்பூச்சு வைப்பதில்லை. அண்ணன் எதிர்க்கடையிலிருந்து ஒரு குப்பி வாங்கி வந்தான், பச்சை நிறம். சிவப்பு இல்லை, பரவாயில்லையா என்று கேட்டான்.

"எந்தக் கலரா இருந்தா என்ன," என்றார் அப்பா. அடுத்த வரிசையைக் கவிழ்த்து வைத்தார்.